இரண்டு முறை வெந்த கிழங்கு

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். காற்று துறைமுகப் பக்கமிருந்து. கொடியில் கிடந்த வெள்ளைச் சேலையில் நிலக்கரித் தூள். மறுபடி அலசவில்லை. குழாயில் தண்ணீர் வராத நாள்.

உருளைக்கிழங்கு நாளை முதல் என் பொறுப்பு. நேற்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் சொன்னது, மறக்காமலிருக்க:

தோலைச் சீவிவிட வேண்டும். மெல்லிசாக நறுக்க வேண்டும். நிறைய வெந்நீரில் ஊற வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அதையும் கொட்ட வேண்டும். மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி கொதி, மறுபடி கொட்டு. அதற்குப் பிறகுதான் கறி, பொரியல் எல்லாம்.

"கெழங்கே வேண்டாம்னு எழுதிருவேன் மேடம். சார் ஒத்துக்கிட மாட்டேங்காங்க" என்றாள் அந்தப் பெண். அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "மீனுக்கு அளவு சொல்லிட்ட. பழம் கூடாதுன்ட்ட. கெழங்கயும் எடுத்துட்டா எதுக்கும்மா நான் வாயத் தொறக்கணும்?"

காரணம் பொட்டாசியம். (இனி பொ.) அண்ணனின் சிறுநீரகங்கள் அதை வெளியே தள்ளுவதில்லை. இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும், முன்கூட்டித் தெரியாது என்றார் டாக்டர். டயாலிசிஸுக்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டாயிற்று. அந்த நரம்பு தடித்து ஊசி தாங்க ஈஸ்டர் ஆகிவிடும். அதுவரை சாப்பாட்டை வைத்தே இழுத்துப் பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் கழுத்தில் குழாய் போட்டு உடனே இயந்திரத்தில் ஏற்ற வேண்டும்.

கழுத்து என்றதும் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கழுத்துல கொழா போட்டவன் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. எங்க போசன் அப்படித்தான் போனான். கை சரி. கழுத்து கெடயாது."

போசன் என்பது அவருடைய கப்பலில் வேலை பார்த்த ஆள். எந்தத் துறைமுகம், எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி என்றெல்லாம் கேட்டால் சொல்லமாட்டார். விவாதிக்க ஒன்றுமில்லை.

ஆக, ஈஸ்டர் வரை கிழங்கு.

பிப்ரவரி 25, புதன்

மேகம். மழை வராத மேகம்.

முதல் நாள் வேலை. ஊட்டிக் கிழங்கு, நடுத்தரம், முளை விடாதது. அண்ணன் குசினி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பாதி வாழ்நாள் கப்பலில் சமையல் செய்தவர். மூட்டை மூட்டையாகக் கிழங்கு சீவியவர். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா சிந்தா, இது நறுக்குனதா கடிச்சதா?"

"வெந்தா எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு கரையும், ஒண்ணு கல்லா இருக்கும். எம்மெஸ்ஸியில இதெல்லாம் சொல்லித் தரல போல."

வேதியியல் படித்ததற்காக வாங்கும் பேச்சு. பழகிவிட்டது.

மதியம் இரண்டு கொதி போட்ட கிழங்கைக் கடுகு தாளித்துப் பொரியல் செய்தேன். ஒரு வாய் வைத்தார். "துணிய அவிச்ச மாதிரி இருக்கு." நானும் தின்று பார்த்தேன். கொஞ்சம் சப்பென்று இருந்தது, அவ்வளவுதான். எனக்கு மோசமாகத் தெரியவில்லை.

கப்பல் கதை: நார்வேக் காப்டனுக்குத் தினமும் தோலோடு அவித்த கிழங்கு வேண்டுமாம். பிலிப்பினோ ஆட்கள் கிழங்கைத் தொடமாட்டார்களாம், சோறுதான். ருஷ்யனுக்கு மூன்று வேளையும் கிழங்கு. "எல்லாவனுக்கும் பொதுவா ஆக்கணும்னா ஒரே வழி, ஒவ்வொருத்தனுக்கும் தனியா ஆக்குததுதான்."

ஒரு வேளைக் கிழங்குக்கு எவ்வளவு தண்ணீர். வடித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. எவர்சில்வர் வாளியில் பிடித்துக் குசினி மூலையில் வைத்தேன். ஆறினதும் கறிவேப்பிலைச் செடிக்கு. செடிக்குப் பொ. நல்லது.

பிப்ரவரி 27, வெள்ளி

தவக்கால வெள்ளி. மீன் இல்லை. நான் வேலை பார்க்கும் உப்புக் கம்பெனி லேப்பில் மாதிரிகள் குவிந்துவிட்டன. உப்பளப் பாத்தியில் உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள். ஈரம், சுண்ணாம்பு, மக்னீசியம். நாள் முழுதும் அதே.

புது ஏற்பாடு. காலையில் நான் கிழங்கை இரண்டு கொதி போட்டு வடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். மீதியை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். மைனி (அண்ணன் மனைவி) இறந்த பிறகு இந்த மனிதர் அடுப்புப் பக்கம் வந்ததே இல்லை. இப்போது பத்து மணிக்கே வெங்காயம் உரிக்கிறார் என்று பக்கத்து வீட்டு ரொசாரி மைனி சொன்னார்கள். "பாட்டு வேற படிக்காவ. நம்ம சாமி பாட்டு இல்ல, என்னமோ கப்பப் பாட்டு."

மதியத்துக்கு வீட்டுக்கு வந்தேன். மீனுக்கு வைப்பதுபோல் கிழங்குக் குழம்பு. மல்லி, மிளகு, கொஞ்சம் புளி. தேங்காய் கூடாது என்பதால் தேங்காய் இல்லை. ஆனாலும் குழம்பு நன்றாகக் கெட்டியாக இருந்தது.

"மாவு கரைச்சு ஊத்துனியளா?"

"அது குக்கோட ரகசியம்."

குழம்பை மட்டும் இரண்டு கரண்டி ஊற்றிச் சோற்றைப் பிசைந்து தின்றார். பல நாளைக்குப் பிறகு. கிழங்குத் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டார்.

வாளி காலியாக இருந்தது. செடிக்கும் ஊற்றிவிட்டார் போல.

மார்ச் 1, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி. அண்ணன் போனார், முழங்கையை மடக்காமல், ஃபிஸ்டுலா கையைச் சுடுதண்ணீர்ச் சட்டிபோல் தாங்கிக்கொண்டு.

எனக்கு நாற்பத்தொன்பது வயது வரப்போகிறது. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். இவருக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன் என்று நினைப்பதில்லை. என்ன செய்வேன் என்று தெரியும். காலையில் லேப்புக்குப் போவேன்.

இந்தக் கிழங்கு முறை பலிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஊறவைப்பதால் பெரிதாக ஒன்றும் போகாது, கொதிக்கவைத்துக் கொட்டினால்தான் போகும் என்று எங்கோ படித்தது. கொதித்தாலும் எவ்வளவு போகும்? யாருக்குத் தெரியும். செய்யச் சொன்னார்கள், செய்கிறேன். ஜெபமாலை சொல்வதுபோல்.

சாயங்காலம்: கறிவேப்பிலை இலை மஞ்சள். மண் வெடித்துக் கிடக்கிறது. வெயில் அப்படி.

மார்ச் 3, செவ்வாய்

ரத்த முடிவு. பொ. ஏறியிருக்கிறது. ஆபத்து இல்லை, ஆனால் ஏறுமுகம் என்றார் டாக்டர். அடுத்த திங்கள் மறுபடி பார்க்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "வீட்ல யார் சமையல்?"

"நாங்க ரெண்டு பேரும்."

"வெளிய ஏதாவது சாப்பிடுதாரா?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, "கெழங்க இன்னொரு கொதி கூடப் போடு" என்றார். தானாகச் சொன்னார். பயந்திருக்கிறார்.

மார்ச் 4, புதன்

லீவு போட்டேன். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வேலை ஓடாது.

சந்தேகப் பட்டியல்: முக்குக் கடை வடை. இளநீர். பூசை முடிந்து யாராவது கொடுக்கும் பழம். மக்ரூன் இனிப்பு (முந்திரி).

ரொசாரி மைனியிடம் மதிலோரம் நின்று கேட்டேன். ஆமாம், போன வாரம் ஒரு இளநீர் கொடுத்தார்களாம். "சூட்டுக்கு நல்லதுன்னு குடுத்தேன்."

"அது அவருக்கு விசம் மைனி."

முகம் மாறிவிட்டது. "ஒத்த எளநி குடுத்ததுக்கு விசம் வச்சேன்னு சொல்லுதியே. உங்க அண்ணன் அத வாங்கி எம் பேத்திக்கிட்டயே குடுத்துட்டாரு, கேட்டுப் பாரு." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சத்தமில்லாமல்தான் சாத்தினார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு கடை. டீக்கடை அண்ணாச்சி கையை விரித்தார். "வருவாரு, பேப்பர் பாப்பாரு, போவாரு. டீ கூட வேண்டாம்பாரு. நானே கேட்டேன், ஏன் அண்ணாச்சி, நம்ம டீ கப்பல் டீ மாதிரி இல்லியான்னு."

அண்ணனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இந்தத் தெருவில் தெரியாமல் இருக்காது.

"நான் திருடித் திங்குதவனா?"

"இல்லன்னா எப்படி ஏறும்?"

"அத உன் படிப்புகிட்ட கேளு."

ராச்சோறு தனித்தனியாக.

மார்ச் 6, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

லேப்பில் மின்சாரம் போனது, பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்வாசல் வழியாக வந்தேன். அண்ணன் அடுப்பின் முன்னால் நின்றார். சட்டியில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. குனிந்து மூலையிலிருந்த வாளியைத் தூக்கினார். காலையில் நான் வடித்து வைத்த தண்ணீர். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததையும் கலக்கிவிட்டு, சொட்டு மிச்சமில்லாமல் சட்டிக்குள் ஊற்றினார்.

"அண்ணே."

திரும்பினார். "என்ன சீக்கிரம்?"

"அத ஏன் ஊத்துதிய?"

"எதை?"

"தண்ணிய. வாளித் தண்ணிய."

"கெழங்குத் தண்ணிளா. இத ஊத்தினாத்தான் கொழம்பு கூடும். கப்பல்ல இதக் கொட்டுனா எங்க சீஃப் குக் கரண்டியாலயே அடிப்பான். கடல்ல நல்ல தண்ணி தங்கம்லா. சூப்புக்கு, ரொட்டி மாவுக்கு, கொழம்புக்கு, எல்லாத்துக்கும் இதான்."

அடுப்பை அணைத்தேன். கோபம் வரவில்லை. என்னவோ காதுக்குள் அடைத்ததுபோல் இருந்தது.

"கெழங்குல இருந்து எடுத்ததெல்லாம் அதுலதான் இருக்கு."

"எடுத்ததா? கொதிச்சா செத்துராதா?"

"கிருமியா சாகுததுக்கு? அது உப்பு மாதிரிண்ணே. இங்க இருந்து அங்க போவும், அவ்வளவுதான்."

வாளியைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "கொட்டணும்னு சொன்ன. நீ எங்க கொட்டுன? அழகா வாளில பிடிச்சு மூடி போட்டுல்லா வச்சிருந்த. எனக்குத்தான் எடுத்து வைக்கன்னு நெனச்சேன்."

செடிக்கு என்று நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தண்ணீரை எடுத்து வைப்பது இந்த ஊரில் யாரும் யாருக்கும் விளக்கும் காரியமா.

குழம்பைச் சாக்கடையில் கொட்டினேன். வெங்காயம், மல்லி, எல்லாம் போனது. மதியம் தயிர் இல்லாத வெறும் சோறு, ஊறுகாய் இல்லை, ஒன்றும் இல்லை.

மார்ச் 7, சனி

லேப். வேலை குறைவு. காலையில் வடித்த தண்ணீரில் ஒரு சின்னப் பாட்டில் பையில் போட்டுக்கொண்டு போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சுடர் ஒளிமானியில் வைத்தேன். உப்புக்கு மஞ்சள் சுடரே பார்த்த கண். இதில் ஓரத்தில் ஊதா, பொ.வின் நிறம். அளவு கருவியின் எல்லையைத் தாண்டிவிட்டது. நீர்க்க வேண்டியிருந்தது. மறுபடி நீர்க்க வேண்டியிருந்தது.

ஆக, முறை வேலை செய்கிறது. நம்பாமல் செய்த காரியம் முழுதாக வேலை செய்திருக்கிறது. கிழங்கிலிருந்து நான் எடுத்தேன். குழம்பில் அவர் போட்டார். கிழங்கைத் தின்னாமல் ஒதுக்கிக் குழம்பை மட்டும் தின்றார்.

தெரிந்தே செய்திருப்பாரோ என்று ஒரு நினைப்பு. எவ்வளவு துரத்தினாலும் போகவில்லை. கேட்டால் இல்லை என்பார். நம்பமாட்டேன். கேட்காமலிருப்பது மேல்.

ரொசாரி மைனியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மதில் பக்கம் இரண்டு தடவை போனேன். அவர்கள் துணி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

கறிவேப்பிலை காய்ந்தே விட்டது.

மார்ச் 9, திங்கள்

காலை ரத்தம். முடிவு வருவதற்குள் போன் வந்தது, உடனே வாங்க என்று. பொ. மிக அதிகம். இசிஜி. ஊசி, குடிக்க ஒரு பொடி. படுக்கை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கைக்கு இனிக் காத்திருக்க முடியாது. நாளைக்குக் கழுத்துல போட்ருவோம்."

"வேண்டாம்" என்றார் அண்ணன்.

"வேண்டாம்னா வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"கையெழுத்தும் போட மாட்டேன்."

"அப்ப என்னதான் செய்யணும்ங்கீங்க?"

"வீட்டுக்குப் போணும். என் குசினியில உக்காரணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். படித்த பெண், எடுத்துச் சொல்வாள் என்ற பார்வை. எனக்குச் சொல்ல வரவில்லை. கழுத்தில் போட்டால் பிழைப்பார் என்று நானே உறுதியாக நம்பினால் சொல்லலாம். வாரம் மூன்று நாள் இயந்திரம், மீதி நாள் அதன் களைப்பு. அது எத்தனை நாளைக்கு. இதையெல்லாம் சொல்லி ஒருவரைச் சம்மதிக்கவைப்பது எப்படி.

"அண்ணே, போட்டுக்கிடுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"நீ சும்மா இரு." கோபமாகச் சொல்லவில்லை. சோர்வாக.

ஆஸ்பத்திரிச் சோறு. ஓரத்தில் இரண்டு கிழங்குத் துண்டு. அதையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எனக்கே நம்ப முடியவில்லை.

காலை. டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சு. மனம் மாறுமா என்று பார்க்கச் சக்கர நாற்காலியில் அண்ணனை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே முதல் படுக்கையில் ஒரு ஆள். கழுத்தில் குழாய். கையில் வாழைப்பழம். உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் முன்னால் சாய்ந்தார். "அண்ணாச்சி, பழம் திங்கலாமா?"

அவர் ஏரல் பக்கம், நெல் விவசாயி. ரொம்ப நாளாக வருகிறவராம். பழத்தை முழுங்கிவிட்டுச் சொன்னார்: "மெசின்ல ஏத்துன மொத ஒரு மணி நேரம் நம்ம ராச்சியம் அண்ணாச்சி. என்ன வேணாத் திங்கலாம். பெறகு மெசினு எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துரும்லா."

"கெழங்கு?"

"கெழங்கு, எளநி, பழம். போன வாரம் நான் பலாச்சொள தின்னேன்."

"தண்ணில அவிச்சுக் கொட்டாத கெழங்கா?"

"அது என்னது, கொட்டுதது? கெழங்க எவன் கொட்டுவான்?"

அண்ணன் அந்த ஆளின் கழுத்தைப் பார்த்தார். பழத்தோலைப் பார்த்தார். மறுபடி கழுத்து. "வலிக்குமா?"

"போடும்போது எறும்புக் கடி. பெறகு ஒண்ணும் இல்ல. சட்ட பட்டன்தான் போட முடியாது. நமக்கென்ன, கலியாண மாப்பிள்ளையா?"

உள்ளே போய் நர்ஸிடம் கேட்டேன், இது உண்மையா என்று. அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னாள்: "நாங்க சாப்பிடச் சொல்ல மாட்டோம்கா. சாப்பிட்டா பாக்கவும் மாட்டோம். டாக்டர் ரவுண்ட்ஸ் வாரதுக்குள்ள டப்பாவ மூடிருங்க."

வெளியே வந்தபோது அண்ணன் சொன்னார்: "போடச் சொல்லு."

டாக்டர் சொல்லி, நான் சொல்லி நடக்காதது. ஒரு வாழைப்பழத்தோல்.

மதியம் குழாய். நல்லபடியாக முடிந்தது.

மார்ச் 12, வியாழன்

மருந்து வாடை உடையில் ஏறிவிட்டது. துவைத்தும் போகவில்லை.

முதல் முறை ஏற்றினார்கள். நடுக்கம், வாந்தி. தின்னும் நிலைமையில் இல்லை. "சனிக்கெழம பாப்போம்" என்றார், கண்ணை மூடிக்கொண்டே.

பெஞ்சில் ஏரல் அண்ணாச்சியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். பூ கட்டும் நார் மடியில். பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"இவியளுக்கு வீட்ல இருந்து டப்பா டப்பாவாக் கட்டிக்கிட்டு வாரேன். அவிச்ச கெழங்கு, பழம், பணியாரம். சும்மா மெல்லுவாவ."

"ருசிச்சுச் சாப்பிடுதாரே."

"ருசியா? நாக்கு எப்பமோ செத்தாச்சு தாயி. எத வச்சாலும் இரும்பத் தின்ன மாதிரி இருக்குங்காவ. ஆனா கொண்டுவரலைன்னா மெசின்ல ஏற மாட்டாவ. நானும் கொண்டுவாரேன்." நாரைப் பல்லால் கடித்தார். "உங்க அண்ணன்ட்ட சொல்லிராதீங்க, என்ன."

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். சிலருக்கு நாக்கு மாறும், டயாலிசிஸில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். அவர் சொல்லும் எல்லாமே இப்படித்தான்.

துணியை அவித்த மாதிரி என்றது நினைவு வந்தது. அப்போது நான் தின்று பார்த்தது. எனக்கு மோசமாகத் தெரியாதது. கிழங்கைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 14, சனி

பிரஷர் இறங்கிவிட்டது. இன்றும் முடியவில்லை. டப்பாவைத் திறக்கவே இல்லை. ஏரல் அண்ணாச்சி தன் படுக்கையிலிருந்து கேலி: "ரெண்டு தடவ சும்மா வந்துட்டு போறியளே. ராச்சியத்த விட்டுக் குடுக்காதிய."

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இயந்திரம் இல்லாத நாளெல்லாம் வீட்டில் பழைய முறைதான். இரண்டு கொதி, இரண்டு வடி. தண்ணீரை நேரே சாக்கடையில், அவர் கண் முன்னால். கை கூசத்தான் செய்கிறது. அந்தக் கிழங்கைத் தொடமாட்டேன் என்கிறார். "செவ்வாக்கெழமக்குப் பசிய சேத்து வைக்கேன்."

இவர் செவ்வாய்க்கிழமையை எதிர்பார்க்கிறார். நம் வீட்டில் யாரும் எதையும் எதிர்பார்த்து வெகு காலம்.

மார்ச் 16, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிறைந்தது.

ரொசாரி மைனி மதிலுக்கு மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை நீட்டினார்கள். "உன் செடி செத்துப் போச்சுல்லா." நான் சொல்ல நினைத்ததைச் சொல்வதற்குள், "சொல்லாண்டாம். போ" என்றார்கள்.

அண்ணன் ஸ்டூலில். கழுத்தில் வெள்ளைக் கட்டு. நாளைய கிழங்குக்கு முறை சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

சின்னக் கிழங்கு. தோலோடு. கழுவினால் போதும், சுரண்டக் கூடாது. தண்ணீர் கொஞ்சம், கிழங்கு பாதி மூழ்கும் அளவு. கல்லுப்பு அந்தத் தண்ணீரிலேயே. வெந்து தண்ணீர் முழுதும் கிழங்குக்குள்ளேயே வற்ற வேண்டும், ஒரு சொட்டு வடிக்கக் கூடாது. சூட்டோடு தோலை உரிக்க வேண்டும். கத்தி படக் கூடாது, கையால் உடைக்க வேண்டும். உடைந்த இடத்தில்தான் எண்ணெய் பிடிக்கும். தேங்காய் எண்ணெய். சின்ன வெங்காயம். மிளகு இடித்தது, பொடி அல்ல. கறிவேப்பிலை கடைசியில்.

"அந்த நார்வே காப்டனுக்குச் செஞ்சதா?"

"அவனுக்கு எண்ணெ கெடயாது, வெண்ணெ. இது எனக்கு நானே செய்யுதது. எல்லாரும் தின்ன பெறகு, அடுப்படில நின்னுக்கிட்டே."

மார்ச் 17, செவ்வாய்

விடியும் முன்னால் எழுந்தேன். சொன்னபடியே செய்தேன். ஒன்றும் மாற்றவில்லை. கிழங்கை எடுத்ததும் கை தானாகத் தோல்சீவியைத் தேடியது, டிராயரை மூடினேன். தண்ணீர் வற்றும்வரை பக்கத்திலேயே நின்றேன். உரிக்கையில் விரல் சுட்டது.

ஆஸ்பத்திரி. இன்று பிரஷர் சரி. ஏற்றினார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டப்பாவைத் திறந்தேன்.

ஏரல் அண்ணாச்சி தலையைத் தூக்கினார். "ஏ, வாசம் ஊரத் தூக்குதே. மீனா?"

"கெழங்கு" என்றார் அண்ணன், பெருமையாக. "நம்ம கைமொற. இவ வெறும் எடுபிடி."

ஒரு துண்டை எடுத்தார். வாயில் போட்டார். மென்றார். தாடை நின்றது. மறுபடி மென்றார், மெதுவாக, எதையோ தேடுவதுபோல். முழுங்கினார். இன்னொன்று எடுத்தார், கொஞ்சம் பெரியது, மிளகு ஒட்டியது. அதையும். என்னைப் பார்க்கவில்லை. ரத்தம் ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா சிந்தா."

"ம்."

"இத தண்ணில போட்டுக் கொட்டுனியா?"

கொட்டவில்லை. ஒரு சொட்டுக் கொட்டவில்லை. பக்கத்துப் படுக்கையின் காலடியில் அண்ணாச்சியின் மனைவி நின்றார். பூக்கூடையைப் பிடித்த கை அசையவில்லை.

"ஆமா" என்றேன். "ஒரு கொதி போட்டுக் கொட்டிட்டேன். பயமா இருந்துச்சு."

"நெனச்சேன்." டப்பாவின் மூடியை அவரே எடுத்து மூடினார். முகத்தில் கோபம் இல்லை. நிம்மதி. "வாயில வச்சதுமே தெரிஞ்சு போச்சு. படிச்ச கழுத, சொன்னா கேக்காது." அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "பாத்தியளா, எல்லாத்தையும் கொட்டிட்டு சக்கையக் கொண்டு வந்திருக்கா."

"பொம்பளைய அப்படித்தான் அண்ணாச்சி. வியாழக்கெழம வரட்டும், பாப்போம்."

"வியாழக்கெழம கொட்டாத, என்ன."

"கொட்டல."

"சத்தியமா?"

"சத்தியமா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மீதியைத் தின்றேன். உப்பு சரியாக இருந்தது. மிளகு, எண்ணெய், எல்லாம் சரியாக இருந்தது. கிழங்கு கிழங்காகவே இருந்தது.

வியாழனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சின்னக் கிழங்கு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.